பதினோரு நிமிடங்கள்: கூகர் 91 ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸ் எண்ணெய் இழப்பு

2009 மார்ச் 12 காலை 9:17 மணிக்கு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் விமான நிலையத்திலிருந்து கூகர் நிறுவனத்தின் சிகோர்ஸ்கி எஸ்-92ஏ ஹெலிகாப்டர் ஒன்று, 'கூகர் 91' என்ற அழைப்புப் பெயரில், 16 பயணிகளோடும் 2 விமானிகளோடும் கிளம்பியது. பயணிகள் எல்லோரும் நடுக்கடலில் உள்ள ஹைபர்னியா மேடைக்கும் சீ ரோஸ் கப்பலுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எண்ணெய்த் துறைத் தொழிலாளர்கள். 28 நிமிடம் கழித்து, 9,000 அடி உயரத்தில், செயின்ட் ஜான்ஸிலிருந்து 54 கடல் மைல் தள்ளிப் பறந்துகொண்டிருந்தபோது, பிரதான கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டதாகச் சிவப்பு எச்சரிக்கை எரிந்தது. விமானிகள் உடனே அபாய அழைப்பு விடுத்து, கரையை நோக்கித் திரும்பி, உயரத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பின் அந்த ஹெலிகாப்டர் பறந்தது ஏறத்தாழ 11 நிமிடம். செயின்ட் ஜான்ஸுக்குக் கிழக்கே சுமார் 35 கடல் மைல் தொலைவில் அது கடலில் மோதி மூழ்கியது. 17 பேர் இறந்தார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார்.

இந்த விபத்தைப் பற்றிக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, விபத்துக்கு இட்டுச்சென்ற காரணங்களாகவும் துணைக் காரணங்களாகவும் 16 கண்டறிதல்களைத் தந்தது. அவற்றில் எந்த ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் 17 உயிர்கள் தப்பியிருக்கக்கூடும். ஆனால் அந்தப் பதினாறையும் அடுக்கிப் பார்க்கும்போது, ஒரே ஒரு கேள்வி அவற்றின் ஊடாக ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது: எண்ணெய் முழுவதும் போய்விட்டால் இந்தக் கியர்பாக்ஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற விவரம், அதைத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு பேர் கையில் ஏன் இல்லை?

கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஏன் உயிர்

ஹெலிகாப்டரின் எஞ்சினுடைய வெளியீட்டுத் தண்டு நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. தலைக்கு மேலே இருக்கும் பெரிய இறக்கைகளோ நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்கும் குறைவாகத்தான் சுழல வேண்டும். இந்த வேகக் குறைப்பைச் செய்வதும், இரண்டு எஞ்சின்களின் திறனை ஒன்றாகச் சேர்த்து மேலே அனுப்புவதும், அதிலிருந்து ஒரு பங்கைப் பிரித்து வால் இறக்கைக்கு நீண்ட தண்டு வழியாகக் கொடுப்பதும் பிரதான கியர்பாக்ஸின் வேலை. எஞ்சின்கள் இரண்டு இருப்பதால் ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றும். கியர்பாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மாற்று கிடையாது.

பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் எண்ணெய் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பற்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. அங்கே பிறக்கும் வெப்பத்தைச் சுமந்து சென்று குளிர்விப்பானில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. எண்ணெய் போனால் இரண்டும் ஒரே சமயத்தில் நின்றுவிடும். பற்கள் சூடேறி, உறுதி இழந்து, சற்று நேரத்தில் வழித்து எடுத்ததுபோல் ஆகிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது; கூகர் 91-இன் கதையே அதில்தான் திரும்புகிறது. கியர்பாக்ஸின் வெப்பமானி அளப்பது எண்ணெயின் வெப்பத்தை. எண்ணெயே இல்லாத இடத்தில் அந்த உணரியைத் தொட்டு வெப்பத்தைக் கொடுக்க எதுவும் இல்லை. உள்ளே பற்சக்கரங்கள் கொதித்துக்கொண்டிருக்கும்போது வெளியே முள் இயல்பான அளவையே காட்டும். அழுத்தம் சுத்தமாக விழுந்து வெப்பம் உயராமல் இருப்பது ஒரு நல்ல அறிகுறிபோலத் தோன்றும். உண்மையில் நிலைமை அதைவிட மோசமாக இருக்க முடியாது.

மூன்று ஸ்டட்கள்

எஸ்-92ஏ கியர்பாக்ஸின் எண்ணெய் வடிகட்டி ஒரு கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கும். அந்தக் கிண்ணத்தைக் கியர்பாக்ஸோடு பிடித்துவைத்திருந்தவை மூன்று ஸ்டட்கள் (மரை வெட்டிய உலோகத் தண்டுகள்), அவற்றின் மேல் மூன்று நட்கள். ஸ்டட்கள் டைட்டானியம் கலப்பு உலோகத்தால் ஆனவை. இதே வகை ஸ்டட்கள் தயாரிப்பாளரான சிகோர்ஸ்கி நிறுவனத்தின் முந்தைய ஹெலிகாப்டர்களில் தொல்லை தராமல் வேலை செய்திருந்ததால், புதிய ரகத்திலும் அவற்றையே வைத்தார்கள்.

ஆனால் எஸ்-92ஏ-வில் வடிகட்டியை எதிர்பார்த்ததைவிட அடிக்கடி மாற்ற வேண்டிவந்தது. ஒவ்வொரு முறையும் நட்டைக் கழற்றி, மீண்டும் முறுக்க வேண்டும். டைட்டானியத்துக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தத்தோடு உரசினால் அதன் மேற்பரப்பு பிய்ந்து எதிரில் உள்ள உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் நிற்பவர்கள் 'மரை தின்றுவிட்டது' என்று சொல்வது இதைத்தான். மரை இப்படிச் சிதைந்த ஸ்டட்டில் நட்டை முறுக்கும்போது, முறுக்கு விசையில் பெரும்பங்கு உராய்வை வெல்வதற்கே செலவாகிவிடும். முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டிக் 'கிளிக்' என்று சொல்லிவிடும். கிண்ணத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இழுவிசையோ ஸ்டட்டில் ஏறியிருக்காது. பழைய நட்டையே திரும்பப் போட்டது இந்தச் சேதத்தை இன்னும் வளர்த்தது. தளர்வாகப் பிடித்த ஸ்டட் ஒவ்வொரு பறப்பிலும் அதிர்வைத் தானே வாங்கிக்கொண்டு, களைப்பில் விரிசல் விட்டு, ஒரு நாள் முறியும். கூகர் 91-இல் மூன்றில் இரண்டு ஸ்டட்கள் முறிந்தன. கிண்ணம் விலகியது, அழுத்தத்தில் இருந்த எண்ணெய் முழுவதும் அந்த இடைவெளி வழியே கடலுக்கு மேல் கொட்டிப்போனது.

இது முதல் முறை நடந்ததல்ல என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி. எட்டு மாதங்களுக்கு முன், 2008 ஜூலை 2 அன்று, ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் இன்னொரு எஸ்-92ஏ இதே போல் வடிகட்டிக் கிண்ணத்தின் ஸ்டட்கள் முறிந்து எண்ணெயை இழந்தது. கீழே தரை இருந்தது. விமானிகள் சில நிமிடங்களில் இறக்கிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் கண்டறியப்பட்ட பின் பராமரிப்பு முறைகள் கடுமையாக்கப்பட்டன. 2009 ஜனவரி 28 அன்று, டைட்டானியம் ஸ்டட்களை எடுத்துவிட்டு எஃகு ஸ்டட்களைப் பொருத்த வேண்டும் என்று தயாரிப்பாளர் அறிவிப்பு அனுப்பினார். அதற்குக் கொடுத்த அவகாசம் 1,250 பறப்பு மணி நேரம் அல்லது ஓராண்டு. 43-ஆவது நாள் கூகர் 91 விழுந்தது.

அவகாசம் கொடுத்தது தவறு என்று இன்று சொல்வது எளிது. அன்று தயாரிப்பாளரும் அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகமும் நம்பியிருந்தது திருத்தப்பட்ட பராமரிப்பு முறையை: வடிகட்டியைத் தொடும்போதெல்லாம் ஸ்டட்களை உற்றுப் பார்த்தால், சிதைந்தவை முன்பே சிக்கிவிடும் என்பது கணக்கு. அந்த முறையைக் கூகர் நிறுவனம் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று வாரியம் கண்டது. சேதமடைந்த ஸ்டட்கள் கண்ணில் படாமலே போயின. முறிந்தால் உயிர் போகும் ஒரு பாகத்தை, பார்வைச் சோதனையின் நம்பிக்கையில் ஓராண்டு பறக்கவிடலாமா என்ற கேள்விக்கு, விபத்து நடந்த 11-ஆம் நாளே விடை வந்துவிட்டது: மார்ச் 23 அன்று அமெரிக்க நிர்வாகம் பிறப்பித்த அவசர ஆணை, ஸ்டட்களை மாற்றாமல் எந்த எஸ்-92ஏ-வும் அடுத்த முறை பறக்கக் கூடாது என்றது.

முப்பது நிமிடம் என்ற நம்பிக்கை

பெரிய போக்குவரத்து ஹெலிகாப்டர்களுக்கான சான்றிதழ் விதி, கியர்பாக்ஸ் எண்ணெய் இழந்ததை விமானிகள் உணர்ந்த பிறகும் குறைந்தது 30 நிமிடம் பாதுகாப்பாகப் பறக்க முடியும் என்று காட்டச் சொல்கிறது. அதே விதியில் ஒரு விலக்கும் இருந்தது: அப்படிப்பட்ட எண்ணெய் இழப்பு நேர்வது 'மிக மிக அரிது' என்று நிறுவிவிட்டால், 30 நிமிடத்தைக் காட்ட வேண்டியதில்லை.

2002 ஆகஸ்ட் 6 அன்று எஸ்-92ஏ கியர்பாக்ஸை எண்ணெய் இல்லாமல் ஓட்டிச் சோதித்தார்கள். அது சுமார் 11 நிமிடத்தில் செயலிழந்தது. அதன் பின் தயாரிப்பாளர் விலக்கின் வழியை எடுத்தார். எண்ணெய் ஒழுகக்கூடிய இடங்களை ஆராய்ந்து, வெளியே இருக்கும் குளிர்விப்பானும் அதன் குழாய்களும்தான் பெரும் ஆபத்து என்று முடிவுசெய்து, அங்கே கசிவு ஏற்பட்டால் விமானி ஒரு வால்வைத் திருப்பிக் குளிர்விப்பானைத் துண்டித்துவிட்டு, மீதமுள்ள எண்ணெயை உள்ளேயே சுழலவிடலாம் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார். இதைக் கொண்டு, மற்ற வழிகளில் முழு எண்ணெயும் போவது மிக மிக அரிது என்ற வாதம் ஏற்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் சான்றிதழ் கிடைத்தது. வடிகட்டிக் கிண்ணம் கழன்றுவிழும் என்ற வழி அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. அந்த வழியே எண்ணெய் போனால், குளிர்விப்பானைத் துண்டிக்கும் வால்வால் ஒரு சொட்டைக்கூடத் தடுக்க முடியாது.

விதியை மீறி இங்கே யாரும் எதையும் செய்துவிடவில்லை. விதியே இடம் கொடுத்தது. ஆனால் சான்றிதழ் விவகாரத்தின் உள்விவரம் பறப்பவர்களை எட்டவில்லை. இந்த வகை ஹெலிகாப்டர் என்றால் எண்ணெய் இல்லாமலும் அரை மணி நேரம் ஓடும் என்ற எண்ணம் துறையில் பரவலாக இருந்தது. சோதனை மேடையில் ஆறரை ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்ட 11 நிமிடக் கணக்கு, விமானிகளின் கையேட்டில் ஓர் எச்சரிக்கை வரியாகக்கூட இருந்திருந்தால், 9:45 மணிக்கு எடுத்த முடிவுகள் வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விமானி அறையில்

கையேட்டின்படி, கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டுக்குக் கீழே போனால் செய்ய வேண்டியது 'உடனே இறக்கு' என்பதே. அந்தச் சொல்லுக்கு ஹெலிகாப்டர் உலகில் ஒரே பொருள்தான்: கீழே கடலே இருந்தாலும் இறக்கு. ஆனால் அந்தக் கட்டளைக்குப் போய்ச் சேரும் பாதை தெளிவாக இல்லை. நடைமுறைக் குறிப்பின் வாசகம் பலவாறு பொருள்படும்படி இருந்ததையும், எந்த அறிகுறி எதைக் காட்டுகிறது என்பது வரையறுக்கப்படாமல் இருந்ததையும் வாரியம் சுட்டிக்காட்டியது. அழுத்தம் விழுந்தால் வெப்பமும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு விமானிகளின் மனத்தில் ஊறியிருந்தது. வெப்ப முள் அசையவில்லை. எனவே, உணரியிலோ பம்பிலோ கோளாறு இருக்கலாம், கியர்பாக்ஸ் நலமாகத்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். இயல்பான வெப்பநிலையே அவர்களை ஏமாற்றியது.

அந்த முடிவோடு, கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்கள் 800 அடியில் நிலைகொண்டு, கரையை நோக்கி வேகமாகப் பறக்கத் தொடங்கினார்கள். கரையை எட்டிவிட வேண்டும் என்பதில் தலைமை விமானியின் மனம் நிலைத்துவிட்டதையும், துணை விமானி தன் ஐயத்தை அழுத்திச் சொல்லாததையும் அறிக்கை பதிவுசெய்கிறது. இதைப் படித்துவிட்டு இருவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கீழே உறைநிலையை ஒட்டிய மார்ச் மாத அட்லாண்டிக், அதில் அலைகள், பின்னால் 16 பேர். கடலில் இறக்குவது என்பது ஹெலிகாப்டரையும் இழந்து, ஆட்களையும் அந்தத் தண்ணீரில் இறக்குவது. கைக்கெட்டும் தூரத்தில் கரை இருக்கும்போது, 'ஒருவேளை உணரிதான் பழுதோ' என்ற எண்ணம் எந்த மனிதருக்கும் வரும். அந்த எண்ணத்தை முறியடிக்கத் தேவைப்பட்டது துணிச்சலைவிடத் தெளிவான தகவல். அது அங்கே இல்லை.

800 அடி, அதிக வேகம், அதிகத் திறன் என்ற இந்தத் தேர்வு இன்னொரு வகையிலும் பாதகமானது. எந்த நொடியும் கியர்பாக்ஸ் போகலாம் என்று கருதினால், கடல்மட்டத்தை ஒட்டி, குறைந்த திறனில், காற்றுக்கு எதிர்முகமாக, சட்டென்று இறக்கிவிடக்கூடிய நிலையில் பறக்க வேண்டும். ஏறத்தாழ 9:55-க்குக் கடலில் இறக்கப்போவதாக விமானிகள் அறிவித்தார்கள். அந்தக் கட்டத்தில், வால் இறக்கைக்குத் திறன் கொடுக்கும் பினியன் என்ற சிறு பற்சக்கரத்தின் பற்கள் முற்றிலும் தேய்ந்து, வால் இறக்கை நின்றது.

வால் இறக்கை நின்றால், பெரிய இறக்கை சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் உடல் சுழலத் தொடங்கும். அதை நிறுத்த ஒரே வழி எஞ்சின் விசையை எடுத்துவிட்டு, பெரிய இறக்கைகளின் சாய்வை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலைத் தாழ்த்தி, கீழிருந்து வரும் காற்றே இறக்கைகளைச் சுழற்றும்படி ஆட்டோரொட்டேஷனில் இறங்குவது. இதில் வரிசை முக்கியம். கலெக்டிவைத் தாழ்த்தும் முன்பே எஞ்சின்கள் இரண்டும் நிறுத்தப்பட்டதால், இறக்கைகளின் சுழற்சி வேகம் வெகுவாகச் சரிந்தது. காற்று முதுகுப்பக்கமிருந்து வீசியது; முன்னோக்கிய வேகமும் போதவில்லை; சரிந்த சுழற்சியை மீட்டெடுக்க 800 அடி போதாது. ஹெலிகாப்டர் கட்டுக்கடங்காத வேகத்தில் இறங்கி, புவியீர்ப்பைப்போல் சுமார் 20 மடங்கு விசையோடு தண்ணீரில் மோதியது.

தண்ணீருக்குள்

மோதலின் கடுமையால் மிதவைகள் பயனற்றுப்போயின. ஹெலிகாப்டர் விரைவாகச் சுமார் 170 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கியது. பயணிகளில் சிலர் மோதலிலேயே நினைவிழந்திருக்கலாம். சேதம் குறைந்த பகுதியில் இருந்தவர்கள் சிறிது நேரம் நினைவோடு இருந்திருக்கக்கூடும் என்றும், குளிர்ந்த நீரின் அதிர்ச்சியில் மூச்சை அடக்கும் திறன் போய், வெளியேறும் முன் அவர்கள் மூழ்கியிருக்கக்கூடும் என்றும் வாரியம் கருதியது. பனிநீரில் விழுந்த உடல் தன்னையறியாமல் மூச்சை வெடுக்கென்று உள்ளிழுக்கும். இதமான நீச்சல் குளத்தில் ஒரு நிமிடம் மூச்சடக்குபவரால் அங்கே சில நொடிகள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் போகும். தலைகீழாகக் கவிழ்ந்த அறையில் இடைவாரைக் கழற்றி, சன்னலைத் தள்ளி, வெளியே வருவதற்கு அந்த நொடிகள் போதாது.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய கருவி அப்போதே இருந்தது: ஓரிரண்டு நிமிடம் சுவாசிக்க அழுத்தக் காற்று தரும், மார்பில் மாட்டிக்கொள்ளும் சிறு குப்பி. நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் அதைக் கொண்டுவருவது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடந்து, விபத்துக்குப் பிறகு 2009 மே மாதத்தில்தான் பயணிகள் கைக்கு வந்தது. 17 பேரில் எத்தனை பேரை அது காப்பாற்றியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டட்டுக்கு ஓராண்டு அவகாசம், குப்பிக்குப் பல ஆண்டுப் பேச்சு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

பிறகு நடந்தவை, வட கடலில் நடந்தவை

வாரியத்தின் பரிந்துரைகள் நான்கு. 'மிக மிக அரிது' என்ற விலக்கை விதியிலிருந்து நீக்க வேண்டும். கரையிலிருந்து வெகுதூரம் பறக்கும் இன்றைய நிலையில் 30 நிமிடமே போதுமா என்று ஆராய வேண்டும். பாதுகாப்பாக இறக்க முடியாத அளவுக்குக் கடல் கொந்தளிக்கும்போது வணிகப் பறப்பைத் தடைசெய்ய வேண்டும். உயிர்காப்பு உடை கட்டாயமான இடத்தில் நீரடிச் சுவாசக் குப்பியும் கட்டாயமாக வேண்டும். கடைசி இரண்டையும் கனடா 2015-இல் விதிகளில் சேர்த்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ராபர்ட் வெல்ஸ் தலைமையில் கடல்சார் ஹெலிகாப்டர் பாதுகாப்பு பற்றித் தனி விசாரணையும் நடந்தது. முதல் பரிந்துரைதான் நெடுங்காலம் இழுபட்டது.

மூன்று ஆண்டுகள் கழித்து வட கடலில் நடந்த இரண்டு நிகழ்வுகளை இதனருகே வைத்துப் படிக்க வேண்டும். 2012 மே 10 அன்று ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குக் கிழக்கே 14 பேரோடும், அக்டோபர் 22 அன்று ஷெட்லாந்து அருகே 19 பேரோடும், யூரோகாப்டர் இசி225 ரக ஹெலிகாப்டர்கள் கடலில் இறக்கப்பட்டன. இரண்டிலும் எண்ணெய்ப் பம்புகளை இயக்கும் செங்குத்துத் தண்டு விரிசல் விட்டு முறிந்து, எண்ணெய் இருந்தும் அது ஓடாமல் நின்றது. இந்த ரகத்தில் ஓர் அவசர மசகு அமைப்பு உண்டு: கிளைகோல் என்ற வேதித் திரவம் கலந்த நீரைத் தெளித்துக் கியர்பாக்ஸை 30 நிமிடம் காப்பாற்ற வேண்டும். விமானிகள் அதை இயக்கினார்கள். அது வேலையும் செய்தது. ஆனால் அழுத்த உணரி ஹெலிகாப்டரின் மின் இணைப்போடு ஒத்துப்போகாததால் 'அவசர அமைப்பும் செயலிழந்தது' என்ற பொய் எச்சரிக்கை எரிந்தது. கையேடு சொன்னபடி விமானிகள் உடனே கடலில் இறக்கினார்கள். இயங்கிக்கொண்டிருந்த கியர்பாக்ஸோடு, முழுக் கட்டுப்பாட்டோடு இறக்கியதால் மிதவைகள் தாங்கின. 33 பேரும் மீட்புப் படகுகளில் ஏறி உயிர் தப்பினார்கள்.

அங்கே விளக்கு பொய் சொன்னது, விமானிகள் அதை நம்பினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். கூகர் 91-இல் அழுத்த எச்சரிக்கை உண்மையைச் சொன்னது. வெப்ப முள் அதை மறுப்பதுபோல் நின்றது. இன்றும் கடலுக்கு மேல் பறக்கும் எந்த ஹெலிகாப்டரிலும் எண்ணெய் அழுத்தம் விழுந்த முதல் நிமிடத்தில் விமானிகள் தேடுவது இரண்டாவது சான்றைத்தான். எண்ணெய் முழுவதும் போன கியர்பாக்ஸில் வெப்ப முள் அந்தச் சான்றைத் தராது என்பதை அவர்களுக்குப் பயிற்சி அறையிலேயே, சிமுலேட்டர் என்ற போலி விமானி அறையில், முள் அசையாமல் நிற்பதைக் காட்டி, 'இப்போது இறக்கு' என்று பழக்கியிருக்க வேண்டும்.